தனியாள் ஆடலும் திரையும் பார்வையாளரும்

மேலைநாட்டு நடன அரங்கில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயின்றுவந்த ஒரு போக்கு இன்று கீழைநாட்டு மேடைகளிலும் இடம்பெற்று வருகின்றது. ஒருவர் மட்டுமே ஆடுகின்றார்; அவரோடு திரையும் ஒளியும் ஒலிப்பதிவும் சேர்ந்து இயங்குகின்றன; பார்வையாளரும் ஏதோவொரு வகையில் ஆற்றுகையினுள் ஈர்க்கப்படுகின்றனர். இம்மூன்றும் ஒன்றுசேர்ந்துவிட்டால் அதனைப் புதுமை, முற்போக்கு, சனநாயகம் என்றெல்லாம் பாராட்டும் வழக்கம் விமர்சகரிடையே உண்டு. பார்வையாளர் செய்வது ஆடுபவரைச் சென்றடைகின்றதா, சென்றடையுமாயின் அதற்கு மறுமொழி கூறக்கூடிய நிலையில் அவர் இருக்கின்றாரா என்ற வினாக்களை அவர்கள் எழுப்புவது அரிது. இவற்றை விடுத்துக் கருவிகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஓர் ஆற்றுகையை மதிப்பிடுதல், மேளத்தின் பருமனைக் கொண்டு தாளத்தை மதிப்பிடுவதை ஒக்கும்.

தனியாள் ஆடலில் இயந்திரம் புகுந்தமை புதிய செய்தியன்று. அமெரிக்காவில் பிறந்த லோயி ஃபுல்லர் 1892இல் பாரிஸ் நகரின் ஃபொலி பெர்ஜேர் அரங்கில் ஆடியபோது, நீண்ட பட்டுத்துணியைக் கோல்களின் துணையுடன் சுழற்றி, அதன்மீது வண்ண மின்னொளியைப் பாய்ச்சினார். துணி சுடராயிற்று, மலராயிற்று, உடல் மறைந்துபோயிற்று. 1900ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருக்கெனத் தனியரங்கே அமைந்திருந்தது. ஆடுபவரின் உடலே திரையாகலாம் என்பதை நிறுவிக் காட்டியவர் அவர். ஆயினும் பார்ப்போருக்கு அங்கு வியப்பதைத் தவிர வேறு பணி இருக்கவில்லை.

இதிலிருந்து முற்றிலும் வேறான ஒரு பாதையை 1966இல் நியூயோர்க்கின் ஜட்சன் நினைவுத் தேவாலயத்தில் ஆடப்பட்ட ‘ஹோம்மேட்’ என்னும் சிறு ஆக்கம் திறந்துவைத்தது. திரிஷா பிரவுன் தமது நினைவுகளிலிருந்து எடுத்த சிறுசிறு அசைவுகளைக் கோத்து அதனை அமைத்திருந்தார். அவர் அதனை ஆடுவதை ரொபர்ட் விட்மன் முன்னரே படமாக்கியிருந்தார். அப்படத்தைக் காட்டும் எறிகருவியைப் பிரவுன் தமது முதுகிற் கட்டிக்கொண்டு அதே ஆடலை மீண்டும் ஆடினார். அவர் திரும்பும்போது படமும் திரும்பியது. குனியும்போது கூரைக்குத் தாவியது. சுவரிலும் தரையிலும் பார்வையாளர்மீதும் விழுந்து அலைந்தது.

இவ்வாக்கத்தின் சிறப்பு அதன் எளிமையிலேயே தங்கியுள்ளது. இயந்திரம் இங்கு பின்னணி அழகன்று, சுமை. அதன் பாரம் ஆடுபவரின் முதுகை அழுத்துகின்றது. அவரது சமநிலையை மாற்றுகின்றது. படம் எங்கே விழவேண்டுமென்பதை உடலே தீர்மானிக்கின்றது. அதேவேளை, முன்னர் ஆடிய உடலும் இப்போது ஆடும் உடலும் ஒன்றையொன்று முழுமையாக ஒத்துவராமையும் கண்கூடாகின்றது. இருளில் பாதுகாப்பாக அமர்ந்திருந்த பார்வையாளர் கணநேரம் தாமே திரையாகி, தம் முகத்திலும் உடையிலும் ஆடுபவரின் உருவத்தைத் தாங்குகின்றனர். மேடைக்கு அழைக்கப்படாமலும், கைதட்டுமாறு ஏவப்படாமலும் அவர்கள் ஆற்றுகையின் பகுதியாகிவிடுகின்றனர். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் மிக்கைல் பரிஷ்னிக்கோவ் இதனை ஆடினார். பெரும் பலேக் கலைஞர் ஒருவரையும் கவரக்கூடிய வலு இச்சிற்றாக்கத்துக்கு இருந்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2006இல், மெல்பேர்ணின் ‘சங்கி மூவ்’ குழு அளித்த ‘குளோ’ என்னும் தனியாள் ஆடலில் இவ்வுறவு தலைகீழாகியது. கிடியோன் ஒபர்சானெக்கும் ஜேர்மனியப் பொறியியலாளரான ஃபிரீடர் வைசும் இணைந்து உருவாக்கிய ஆக்கம் அது. ஆடுகளம் ஒரு வெண்ணிறத் தரை. மேலிருந்து அகச்சிவப்புக் கமரா ஆடுபவரின் அசைவை வாசிக்க, கணினி அக்கணமே கோடுகளையும் நிழல்களையும் உருவாக்கி அவர்மீதும் தரைமீதும் வீழ்த்துகின்றது. முன்பதிவு செய்த படம் எதுவுமில்லை. ஏறத்தாழ அரைமணி நேரம் நீளும் இவ்வாடலில் உடலின் ஒவ்வோர் அசைவும் ஒளியாகித் திரும்புகின்றது. இயந்திரம் உடலுக்கு மறுமொழி கூறுவதும், அம்மறுமொழிக்கு உடல் மீண்டும் இசைவதும் வியக்கத்தக்கவை. தொழில்நுட்ப நேர்த்தியில் இதற்கு இணையானவை சிலவே.

ஆனால் பார்வையாளர் எங்கே? அவர்கள் களத்தைச் சூழ்ந்து மேலிருந்து கீழே நோக்குகின்றனர். கமராவின் பார்வையும் அவர்களின் பார்வையும் ஒரே திசையினவாகிவிடுகின்றன. கண்காணிக்கப்படும் ஓருடலைக் கண்காணிப்பவரின் இடத்திலிருந்து பார்க்கும் நிலை அது. உரையாடல் முழுவதும் உடலுக்கும் கணினிக்கும் இடையே நிகழ்ந்து முடிகின்றது. மனிதர் சாட்சிகளாக எஞ்சுகின்றனர். இதனை ஆக்கத்தின் குறையென்று உடனே தள்ளிவிடுதல் பொருந்தாது. கண்காணிப்பே அதன் உட்பொருளெனக் கொள்வோருக்கு இவ்வமைப்பு நியாயமானதாகவே தோன்றும். எனினும் இதனைப் ‘பங்கேற்பு அரங்கு’ என்று அழைப்பது சொல்லைப் பொருளிழக்கச் செய்வதாகும்.

பார்வையாளர் கையில் விசையையே கொடுத்துவிட்டால் என்ன நிகழும் என்பதை, சைப்பிரசிற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த ஸ்டெலார்க் 1995 நவம்பரிற் சோதித்தார். அவர் நடனக் கலைஞரல்லர். ஆயினும் அசையும் தனியுடலே அவரது ஊடகம். லக்சம்பேர்க்கில் நின்ற அவரது உடலின் தசைகளில் மின்தூண்டிகள் பொருத்தப்பட்டிருந்தன. பாரிசிலும் ஹெல்சிங்கியிலும் அம்ஸ்டர்டாமிலும் இருந்தோர் தொடுதிரையைத் தொட்டபோது அவரது உறுப்புகள் அவரது விருப்பின்றி அசைந்தன. ‘ஃபிராக்டல் ஃபிளெஷ்’ எனப்பட்ட அவ்வாற்றுகையில் திரை, தனியுடல், பங்கேற்பு ஆகிய மூன்றும் அவற்றின் எல்லைவரை கொண்டுசெல்லப்பட்டன.

பார்வையாளர் செயலின் பயன் இங்கு ஐயத்துக்கிடமின்றி உடலைச் சென்றடைகின்றது. ஆனால் உடலிலிருந்து திரைப்படிமம் தவிர வேறெதுவும் அவர்களிடம் திரும்புவதில்லை. தொட்டவர் வேறொரு நகரில் இருக்கின்றார். தாம் அசைத்த கையின் வலியையோ வியர்வையையோ அவர் அறியமாட்டார். பங்கேற்பு என்பது பொறுப்பற்ற அதிகாரமாக மாறும் இடம் இதுவேயாகும். அவ்வுண்மையை மூடிமறையாமல் வெளிப்படுத்தியமையே ஸ்டெலார்க்கின் தகுதி. 1974இல் நாப்போலியில் மரீனா அப்ரமோவிச் எழுபத்திரண்டு பொருள்களை மேசையில் வைத்து, ஆறு மணிநேரம் தம் உடலைப் பார்வையாளரிடம் ஒப்படைத்து நின்ற நிகழ்வு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. நேரம் முடிந்து அவர் அசைந்து தம்மை நோக்கி நடந்துவந்தபோது கூடியிருந்தோர் ஓடிவிட்டனர் என அவரே பின்னாளிற் கூறியுள்ளார். அசையாத உடலுக்கு எதனையும் செய்யத் துணிந்தவர்கள் மறுமொழி கூறத் தொடங்கிய உடலை எதிர்கொள்ள இயலாதோராயினர். பங்கேற்பு அரங்கு பற்றி எழுதப்பட்ட பல நூல்களைவிட இவ்வொரு கணம் அதிகமாகக் கற்பிக்கின்றது எனலாம்.

இவ்வினாவைத் தமிழரின் தனியாள் ஆடல் மரபோடு பொருத்திப் பார்ப்பது செயற்கையான ஒப்பீடன்று. சதிர் எனப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பரதநாட்டியமென்று பெயர்பெற்ற ஆடல் அடிப்படையில் ஒருவரே பல பாத்திரங்களையும் தாங்கி ஆடுவது. அபிநயத்தில் ஒரே அடியைப் பலமுறை பாடக்கேட்டு, ஒவ்வொரு முறையும் வேறு பொருள் விரித்துக் காட்டுகையில், எவ்வளவு விரிப்பது, எங்கு நிறுத்துவது என்பவற்றை முன்னிருப்போரின் முகக்குறிப்பும் தீர்மானித்தது. தாமே பாடிக்கொண்டு அபிநயிக்கும் ஆற்றல் வாய்ந்த பாலசரஸ்வதி (1918-1984) இவ்வகையில் தலைசிறந்தவர். சத்யஜித் ராய் 1976இல் அவரைப்பற்றி எடுத்த ‘பாலா’ என்னும் படத்தில், ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ பாடலுக்குக் கடற்கரையில் அவர் அபிநயிக்கும் காட்சி உண்டு. அலையும் காற்றும் அங்கு உள்ளன. எதிரே அமர்ந்து தலையசைக்கும் சுவைஞரின் இடத்தில் நிற்பது கமரா மட்டுமே. கலைஞரின் மேதைமையை அப்படம் காப்பாற்றித் தந்துள்ளது. ஆனால் கொடுத்தலும் வாங்கலுமாக அமைந்த அவ்வுறவின் ஒரு பாதி அதில் இல்லை.

இதனாற் பழைய அவைதான் உண்மையான பங்கேற்பு அரங்கு என முடிவுகட்டுவது தவறாகும். அந்த அவையில் தலையசைத்தோர் யாவர்? பெரும்பாலும் நிலமும் செல்வமும் உடையோர். ஆடியவரோ அவர்களது ஆதரவிற் தங்கியிருந்த பெண். அவரது மறுமொழிக்கு எல்லை வகுத்தது கலை மட்டுமன்று, சமூக உறவுமாகும். மட்டக்களப்பின் வட்டக்களரியில் மக்கள் நாற்புறமும் சூழ்ந்திருந்து பார்த்த கூத்து, ஆட்டக்காரரையும் பார்ப்போரையும் ஒரே ஊராராக வைத்திருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தபோது கூத்து நேரத்திற் சுருங்கி, செப்பம் பெற்று, புதிய பார்வையாளரை அடைந்தது. ஆனால் மூன்று பக்கத்து மக்களை அது இழந்தது. வடிவம் மாறும்போது பார்வையாளரின் உரிமையும் மாறுகின்றது என்பதற்கு இதனைவிட அண்மையான சான்று தேவையில்லை.

பல்லூடகத் தனியாடலின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அக்ரம் கான் 2011இல் இலண்டனை மையமாகக் கொண்டு உருவாக்கிய ‘தேஷ்’. கதக் பயின்ற அக்கலைஞர், பெற்றோரின் நாடான பங்களாதேசத்தை அதில் தேடிச்செல்கின்றார். ரிம் யிப்பின் காட்சியமைப்பும் வரைபட அசைவுகளும் மேடையைக் காடாக மாற்ற, தேன் தேடும் சிறுவனாக அவர் ஒளியாலான மரத்தில் ஏறுகின்றார். அழகான காட்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வாக்கத்தின் மறக்கவொண்ணாத பகுதி அதுவன்று. மழித்த தமது உச்சந்தலையில் மையால் ஒரு முகத்தை வரைந்து, தலையைக் கவிழ்த்து, அம்முகத்தைச் சமையற்காரரான தந்தையாக உலவவிடுகின்றாரே, அதுதான். அதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை. காட்டைக் கணினி முழுமையாக வரைந்து கொடுத்துவிடுகின்றது. பார்ப்போரின் கற்பனைக்கு அங்கு வேலையில்லை. தந்தையையோ பார்ப்போர்தாம் முழுமையாக்க வேண்டியுள்ளது.

அண்மைக்கால அரங்கேற்றங்கள் சிலவற்றில், ஆடுபவரின் பின்னே பெரிய எல்.ஈ.டி. திரை நிற்பதை இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். கை பிறையைக் காட்டுமுன் திரையிற் பிறை தோன்றிவிடுகின்றது; கங்கை பாய்கின்றது; கைலை பனியோடு எழுகின்றது. பல ஆண்டுகள் பயின்ற முத்திரை, படத்துக்கு அடிக்குறிப்பாகிவிடுகின்றது. செலவு செய்த பெற்றோருக்கு அது மனநிறைவைத் தரக்கூடும். அபிநயத்துக்கோ அது பகையானது.

இதற்கு நேர்மாறாக, 2012 டிசெம்பர் 16இல் டில்லியில் ஓர் இளம்பெண்மீது நிகழ்ந்த கொடுமையைத் தொடர்ந்து, கதகளி பயின்ற மாயா கிருஷ்ண ராவ் உருவாக்கிய ‘வோக்’ என்னும் தனியாள் ஆற்றுகையை நோக்கலாம். முன்னைய ஆக்கங்களிற் கமராவையும் திரையையும் துணிவுடன் கையாண்டவர் அவர். இங்கு அவற்றை ஒதுக்கிவிட்டு, இசையும் பேச்சும் நடையுமாகப் போராட்டக்காரர் முன்னும் பல்கலைக்கழக வளாகங்களிலும் நின்றார். இரவில் தெருவில் நடக்கும் உரிமையே அதன் பொருள். அவர் எதிரே நின்றோர் நுழைவுச்சீட்டு வாங்கிய சுவைஞரல்லர். அதே கோரிக்கையோடு வீதிக்கு வந்தவர்கள். அவர்கள் பங்கேற்பதற்கு உத்தி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கலை நயத்தில் அது ‘குளோ’வின் நேர்த்தியை எட்டவில்லை எனச் சிலர் கூறக்கூடும், சில இடங்களிற் சொல் நடையை முந்திவிடுவதும் உண்மையே. ஆனால் ஆடுபவருக்கும் பார்ப்போருக்கும் இடையே எதனையாவது இழக்கவும் பெறவும் கூடிய உறவு அங்கு இருந்தது.

2020இல் நோய்ப்பரவல் காரணமாக அரங்குகள் மூடப்பட்டபோது, உலகெங்கும் நடனக் கலைஞர் தம் வீட்டறைகளிலிருந்து தனித்து ஆடினர். திரையே அரங்காயிற்று, பார்ப்போர் எழுதிய சொற்களும் அனுப்பிய அடையாளக் குறிகளும் ஆடல் நடக்கும்போதே அதன் ஓரத்தில் ஓடின. மூன்று கூறுகளும் மலிவாக, எவருக்கும் எட்டும் வகையில் ஒன்றுசேர்ந்தன. எனினும் ஆடிக்கொண்டிருப்பவர் அச்சொற்களை வாசிப்பது இயலாது. வாசிக்க நின்றால் ஆடல் நின்றுவிடும். ஆடலின் முடிவில், மூச்சு வாங்க, அவர் கருவிக்கு அருகே வந்து குனிந்து அவற்றைப் படித்தார். அதற்குள் எழுதியவர்களிற் பலர் போய்விட்டிருந்தனர்.