கணக்கெடுப்பும் ஓர் எழுத்து: ஜோக்கின் அற்புதத்தின் தன்வரலாற்றுக் கட்டுரை

குடிசைவாழ் மக்களின் தலைவர் ஜோக்கின் அற்புதம் 2018 அக்டோபரில் மறைந்தார். 2000இல் அவர் பெற்ற மகசேசே விருதையும் 2011இல் பெற்ற பத்மஸ்ரீயையும் நாடறியும். தம் வாழ்க்கையை அவர் தாமே எடுத்துரைத்து, லண்டனிலிருந்து வரும் நகரியல் ஆய்விதழொன்றில் 2008இல் ஆங்கிலத்தில் வெளியான கட்டுரையைப் படித்தோர் நம்மிடையே மிகச் சிலரே. அதனை ஓர் இலக்கியமாகவே எடுத்துக்கொண்டு சில கூற விழைகிறேன்.

கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், தச்சுத் தொழிலாளி. 1960களில் பம்பாய் சேர்ந்து, கூரையின்றித் தெருவில் உறங்கியவர். மான்குர்டிலிருந்த ஜனதா காலனியே அவர் களமாயிற்று. நகராட்சி தானே கொண்டுவந்து குடியமர்த்திய மக்கள் அங்கிருந்தனர். பின்னாளில் அந்நிலம் அணுசக்தி நிலையத்திற்கு வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த அக்குடியிருப்பு, நெருக்கடி நிலைக் காலமான 1976 மே மாதத்தில் இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப்புக்குத் தள்ளப்பட்டனர். தென்மாவட்ட முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு அப்பெயர் அந்நியமன்று.

கட்டுரையின் உயிர் அதன் நகைச்சுவை. காலனியின் குப்பையை நகராட்சி அள்ளாதிருந்தபோது, சிறுவர்களை உல்லாசப் பயணம் போல் திரட்டி, ஆளுக்கொரு குப்பைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, அதிகாரிகளின் வாசலிலேயே கொட்டச் செய்தாராம். சினம் கொள்ள வேண்டிய இடத்தில் சிரிக்கிறார். சினம் படிக்கும் நமக்கு வந்துவிடுகிறது. புலம்பலுக்குப் பழகிய நம் சீர்திருத்த எழுத்தாளர்கள் (நானும் அவ்வகையினனே) கற்க வேண்டிய கலை இது.

ஆனால் போராட்டங்கள் கூட்டத்தைச் சேர்த்தனவேயன்றி வீட்டைத் தரவில்லை என்பதையும் அவரே ஒப்புகிறார். கட்டுரை திரும்புமிடம் அதுவே. 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பிழைப்புரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்குமென்று கூறியது. கூறிவிட்டு, நடைபாதைக் குடிசைகளை அகற்றவும் இசைந்தது. அவ்வாண்டிலேயே ஸ்பார்க் என்னும் தொண்டு நிறுவனம் நடைபாதைவாசிகளை வீடு வீடாக எண்ணி, ‘கண்ணில் படாத நாம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 6,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் பதிவாயின. அந்நிறுவனத்தோடும், பைகுல்லா நடைபாதைப் பெண்களின் மகிளா மிலன் அமைப்போடும் ஜோக்கின் கைகோத்தார். தம்மைத் தாமே எண்ணிக்கொள்வது அவ்வியக்கத்தின் ஆயுதமாயிற்று. பட்டியலில் பெயரில்லாதவனுக்கு இடிப்பின்போது மாற்றிடம் ஏது?

அரபியில் மஸ்கன் என்றால் உறைவிடம். மிஸ்கீன் என்றால் ஏழை. இரண்டும் ஸீன், காஃப், நூன் என்னும் ஒரே வேரில் முளைத்தவை. அமைதி கொள்ளுமிடம் ஒன்று. வறுமையால் அசைவற்றுப் போனவன் மற்றவன். இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவே ஜோக்கினின் பொருள்.

எங்கள் புதுவையில் வீட்டைப் பற்றிய எழுத்துக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துச் சுவர்களையும், தமிழர் தெருக்களின் திண்ணைகளையும், முல்லா வீதி வீடுகளின் கதவுகளையும் வியந்து எழுதுகிறோம். குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் நெருங்கிக் கிடக்கும் சிறு வீடுகள் 2004 கடல்கோளின்போது மட்டும் ஏடுகளில் இடம் பெற்றன. அழகில்லாத வீட்டை எழுத நமக்கு மொழி வாய்க்கவில்லை. ஜோக்கினின் கட்டுரையை நான் மதிப்பது இதனாலேயே.

அரசோடும் வங்கிகளோடும் பேச அமர்ந்ததால் போராட்டத்தை மழுக்கினார் என்பது சிலர் குறை. அதனை நான் ஏற்கவில்லை. இடிபட்டவனுக்கே பேரம் பேசும் தகுதி உண்டு. என் குறை வேறு. இயக்கத்தைத் தாங்கியவர்கள் பெண்கள். பைகுல்லாவில் அவர்களுள் முஸ்லிம்கள் பலர். நாள்தோறும் சில நாணயங்களைச் சேமித்த அவர்களைப் பெருமையாகக் குறிப்பிடுகிறாரேயன்றி, பேசுகிறவர் எங்கும் ஜோக்கின் ஒருவரே. 1976இல் பாத்திரம் பண்டங்களோடு சீத்தா கேம்ப்பில் இறங்கிய தாய்மாருள் சிலரேனும் இன்று பாட்டிமாராக இருப்பர். பம்பாயில் உறவுடைய வாசகர் எவரேனும் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியனுப்பினால், அக்கட்டுரையில் விடுபட்ட பக்கங்கள் தமிழிலேயே கிடைத்துவிடும்.