கதைக்கடல் என்னும் நூலகம்

கி.பி. 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் யாத்த கதாசரித்சாகரம், கதையாறுகள் வந்து கூடும் கடல் என்னும் பொருளுடையது. அப்பெயரையே கருவாகக் கொண்டு சல்மான் ருஷ்டி ஆங்கிலத்தில் இயற்றி 1990இல் வெளியிட்ட புதினம் ‘ஹாரூனும் கதைகளின் கடலும்’ என்பது. சிறுவர்க்குரிய மாயக்கதையாகத் தோன்றும் இந்நூல், கதைகள் எவ்வாறு வாழ்கின்றன, எவ்வாறு அழிகின்றன என்னும் வினாக்களை எழுப்புகின்றது. அவற்றிற்கு அது தரும் விடையினை ஈண்டு ஆராய்வோம்.

கதைசொல்லி ரஷீதின் மனைவி சொராயா, மேல்மாடியில் வாழும் செங்குப்தாவுடன் சென்றுவிடுகின்றாள். உண்மையல்லாத கதைகளால் யாது பயன் என்று மகன் ஹாரூன் தந்தையை வினவுகின்றான். தந்தையின் நாவன்மை வறண்டுபோகின்றது. அதனை மீட்கச் சிறுவன் கஹானி என்னும் திங்களுக்குச் செல்கின்றான். ஆங்குள்ள கடலில் கதைகளெல்லாம் பன்னிற நீரோட்டங்களாக ஓடுகின்றன. அக்கடலுக்கு நஞ்சூட்டும் கத்தம்சுத்தின் முயற்சியை ஹாரூன் முறியடிக்கின்றான்.

தாம் 1988இல் வெளியிட்ட வேறொரு புதினத்தின்பொருட்டு, 1989 பிப்ரவரி 14ஆம் நாள் ஈரானியத் தலைவர் கொமேனி விதித்த மரண ஆணையால் ஆசிரியர் மறைந்து வாழ்ந்த காலத்தில், தம் மகனுக்கென எழுதியது இந்நூல். ஆதலின் இதனை அவர்தம் வாழ்வின் உருவகமாகவே கொள்வாருளர். 2022இல் அவர் கத்திக்குத்துக்கு ஆளாகி ஒரு கண்ணின் பார்வையை இழந்தமையை எண்ணுங்கால் அக்கொள்கை பிழையெனல் ஆகாது. எனினும் அஃதொன்றே போதாது என்பது நம் கருத்து.

கதைக்கடல் அண்டத்திலேயே மிகப் பெரிய நூலகம் என நூல் கூறுகின்றது. கதைகள் நீர்வடிவின ஆதலின் ஒன்றோடொன்று கலக்கவும் புதியனவாக மாறவும் வல்லன. பல வாயுடைய மீன்கள் பழங்கதைகளை விழுங்குகின்றன. அவற்றின் வயிற்றில் ஒரு கதையின் கூறு மற்றொன்றின் கருத்தோடு கூடிப் புதுக்கதை பிறக்கின்றது. நஞ்சும் கதையை மாற்றவே செய்கின்றது. இளவரசியை மீட்கும் கதையோட்டத்தைப் பருகிய ஹாரூன், நஞ்சு கலந்தமையால், வீரனாக இருந்தவாறே சிலந்தியாக மாறுகின்றான்.

அங்ஙனமாயின் இவ்விரு மாற்றங்கட்கும் வேறுபாடு யாது? மீன் விழுங்கிய கதை வேறொரு கதையாகின்றது. கத்தம்சுத்தோ ஒவ்வொரு கதைக்கும் அதற்கேயுரிய எதிர்க்கதையினைச் சமைத்துக் கலக்குகின்றான். அதன்பின் எஞ்சுவது வெறுமையே. ஒவ்வொரு கதையினுள்ளும் தன் ஆட்சிக்கு அடங்காத ஓர் உலகம் உண்டு என்பதே அவன் காட்டும் காரணம். ஹாரூனின் வினாவிற்குரிய விடையினைப் பகைவன் வாயினின்றே பெறவைத்தது ஆசிரியரின் நுண்திறம். முத்ரா என்னும் வீரன் கைகளின் அபிநயத்தாற் பேசுவதையும் நிழலோடு ஆடுவதையும் கண்டு, மௌனத்திற்கும் தனியழகு உண்டு என ஹாரூன் உணர்கின்றான். எனவே, நூல் எதிர்ப்பது பிறர்மேற் சுமத்தப்படும் மௌனத்தையே எனத் தெளியலாம்.

குறையும் உண்டு. தொடக்கத்தில் பாடுவதை நிறுத்திய சொராயா இறுதியில் மீண்டும் பாடுகின்றாள். இடையில் அவள் உள்ளத்தில் நிகழ்ந்தது யாது என நூல் கூறவில்லை. இன்ப முடிவு செயற்கையாகச் சமைக்கப்படுவது என நூலே ஒப்புக்கொள்ளினும் இக்குறை நீங்காது. பேசும் உரிமைக்கு வாதாடும் நூலில் ஒருத்தியின் கதை சொல்லப்படாது நிற்றல் சிறு குறையன்று.

தமிழாராய்வார்க்கும் இந்நூல் தொடர்புடையதே. மன்னன் இகழ்ந்தமையால் குணாட்டியர் தம் 7 இலட்சம் செய்யுட்களுள் 6 இலட்சத்தைத் தீக்கிரையாக்கினார் எனவும், எஞ்சிய 1 இலட்சமே பிருகத்கதை எனவும் கதாசரித்சாகரம் கூறும். அம்மூலமும் கிடைத்திலது. அது வாழ்வது வழிவந்த நூல்களிலேயாம். அவற்றுள் ஒன்று கொங்குவேளிரின் பெருங்கதை. உ. வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்த அந்நூலும் முதலும் இறுதியும் இன்றியே கிடைத்தது. மூலத்தின் தூய்மையொன்றையே நாடும் கண்ணுக்கு வழிநூல்கள் சிதைவுகளாகத் தோன்றலாம். அவை இன்றேல் மூலத்தின் கதையும் இன்று. மீன் வயிற்றிற் பிறந்த கதையையும் நஞ்சிற் கரைந்த கதையையும் வேறுபிரித்தறிதல் பதிப்பாசிரியர்க்கும் திறனாய்வாளர்க்கும் உரிய கடனாகும்.