மேயரின் குளியலறை

விவியன் மேயரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ‘மர்மம்’ என்கிற சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். இத்தனை படம் எடுத்தவர் ஏன் யாருக்கும் காட்டவில்லை, ஏன் கழுவக்கூட இல்லை? எனக்கென்னவோ இது வர்க்கத்தை மறைக்கிற சொல்லாகவே படுகிறது.

1956இல் சிகாகோவை ஒட்டிய ஒரு வசதியான வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தார் மேயர். அங்கே அவருக்கென்று ஒதுக்கிய குளியலறைதான் இருட்டறை. கறுப்பு வெள்ளைச் சுருளைக் கழுவப் பெரிய சாமான் ஒண்ணும் வேண்டாம். கும்மிருட்டில் ரீலில் சுற்றி டேங்க்கில் போட்டு மூடிவிட்டால் அப்புறம் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். டெவலப்பர், ஹைப்போ, ஓடுகிற தண்ணீர், அவ்வளவுதான். ஆனா தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளத் தனக்கென்று ஒரு கதவு வேணுமே. பிள்ளைகள் வளர்ந்ததும் வேலை போயிற்று, கதவும் போயிற்று. பிறகு வீடுவீடாக வேலை. கழுவாத சுருள்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன.

2007இல் வாடகை பாக்கிக்காக அவருடைய பெட்டிகள் ஏலம் போயின. அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார், இறந்தது 2009இல். கண்காட்சிகளில் நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை, வாங்கியவர்கள் பிறகு போடவைத்த பிரிண்டுகள். எந்தச் சுருளில் எந்த ஃபிரேம், எவ்வளவு கறுப்பு என்று முடிவு செய்ததும் அவர்கள்தான்.