நாரையும் மூன்று துப்பாக்கியும்: பழைய சைக்கிளின் ஊரும் வயதும்

பெங்களூர் கண்டோன்மெண்டின் கிழக்கே, காக்ஸ் டவுனையும் குக் டவுனையும் ஒட்டி இருக்கிறது ஜீவனஹள்ளி. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. பக்கத்துச் சிகரெட் ஆலைக்கும், 1940இல் வந்த எச்.ஏ.எல். விமான ஆலைக்கும், 1948இல் வந்த ஐ.டி.ஐ. தொலைபேசி ஆலைக்கும் ஷிஃப்ட் வேலைக்குப் போன தலைமுறை சைக்கிளில்தான் போனது. அந்த வண்டிகளில் சில இன்னும் மாடிப்படிக்கு அடியில் நிற்கின்றன. அவற்றைப் பற்றிக் கேட்டால் வீட்டார் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "தாத்தா வண்டி சார், ஒரிஜினல் இங்கிலாந்து." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் சோதித்துப் பார்த்தால் ஃபிரேம் ஓர் ஊரையும், ஹப் வேறோர் ஊரையும், முகப்புத் தகடு மூன்றாவது ஊரையும் சொல்லும். இவற்றில் எதன் சாட்சியத்தை முதலில் ஏற்பது என்பதே பழைய சைக்கிள் ஆராய்ச்சியின் முழு வித்தை.

மூன்று ஆங்கில மரபுகள்

முதலாவது கோவென்ட்ரி. 1885இல் ஜே. கே. ஸ்டார்லி அங்கே செய்த 'ரோவர்' வண்டியே இன்றைய சைக்கிளுக்கு முன்னோடி: ஏறக்குறைய ஒத்த அளவில் இரு சக்கரங்கள், பின்சக்கரத்தைச் சுழற்றும் செயின். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதும் இந்த அமைப்பை மிஞ்ச வேறொன்று இல்லாமல் போயிற்று. ரட்ஜ் இந்த மரபின் பெயர். அதன் தகட்டில் விரித்த கை இருக்கும். ஹம்பருக்கும் கோவென்ட்ரியில் தொழிற்சாலை இருந்தது. முன்ஃபோர்க்கில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு குழாய், பெரிய பல்சக்கரத்தில் கைகோத்து ஓடும் ஐந்து மனித உருவங்கள் என்று ஹம்பரைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

இரண்டாவது நாட்டிங்ஹாம், அதாவது ராலே. 1880களின் கடைசியில் ஃபிராங்க் பௌடன் ஒரு சிறு பட்டறையை வாங்கி வளர்த்த நிறுவனம். நாரைத் தலைதான் சின்னம். பல்சக்கரத்திலும் நாரைகள் இருக்கும். ராலே மற்றவர்களின் அளவுக்கு இணங்கிப் போனதில்லை. பெடல் அச்சைத் தாங்கும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப்பின் மரை மற்ற ஆங்கிலக் கம்பெனிகளுக்கு அங்குலத்துக்கு 24 புரி என்றால் ராலேக்கு 26. தகடு போய், பெயின்ட் போய், மொட்டையாக வந்த ஃபிரேமைக்கூட இந்த மரையை வைத்து அடையாளம் காணலாம்.

மூன்றாவது பர்மிங்ஹாம். துப்பாக்கி செய்யும் கம்பெனியாக 1861இல் தொடங்கிய பி.எஸ்.ஏ.வின் சின்னம், ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். 1910இல் தொடங்கிய ஹெர்குலிஸ், சாதாரண உழைப்பாளிக்கும் எட்டுகிற விலையில் வண்டி விற்றது. பிலிப்ஸும் இந்த வட்டாரத்துச் சரக்குதான்.

இந்த மரபுகள் தனித்தனியாகவே நின்றுவிடவில்லை என்பதில்தான் சிக்கல். ராலே 1932இல் ஹம்பரையும், 1943இல் ரட்ஜையும், 1957இல் பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவையும் வாங்கியது. பெயரையும் சின்னத்தையும் விடாமல் வைத்துக்கொண்டது. ஆகவே 1950களின் ரட்ஜ், கையைக் காட்டி கோவென்ட்ரி என்று சொன்னாலும் பிறந்தது நாட்டிங்ஹாமில்.

நம் நாட்டுக் கிளைகள்

சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. ஆங்கிலக் கம்பெனிகள் பெயரையும் தொழில்நுட்பத்தையும் இங்கே கொண்டுவந்தன. வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலே வந்தது. ராலே, ஹம்பர், ரட்ஜ் பெயர்கள் அங்கே மறுபிறவி எடுத்தன. 1980இல் அது நாட்டுடைமையாகி சைக்கிள் கார்ப்பரேஷன் ஆயிற்று. சென்னை அம்பத்தூரில் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. ஹெர்குலிஸ் முதலில் வந்தது, பிலிப்ஸும் பி.எஸ்.ஏ.வும் பின்னால் வந்தன. ஆங்கிலப் பெயரைச் சுமக்காத மரபு வடக்கே வளர்ந்தது: சோனிபட்டில் 1951இல் அட்லஸ், லூதியானாவில் ஏவன், 1956இல் அதே ஊரில் ஹீரோ. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1930களின் இறுதியில் பம்பாயில் தொடங்கியது ஹிந்த் சைக்கிள்ஸ்.

ஊரை எளிதில் பிரிக்க முடியாததற்குக் காரணம், எல்லோரும் ஒரே இலக்கணத்தைப் பின்பற்றியதுதான்: 28க்கு ஒன்றரை அங்குலச் சக்கரம், ராட் பிரேக், காட்டர் பின் போட்ட கிராங்க், முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின்னால் 40. கம்பிகளை எண்ணி, இரண்டு சக்கரத்திலும் 36 இருந்தால் அது பெரும்பாலும் ஆங்கில மரபுச் சக்கரமாக இருக்காது. ஐரோப்பியக் கண்டத்துச் சரக்காகவோ ஜப்பான் சரக்காகவோ இருக்கலாம். 32–40 இருந்தாலோ, நாட்டிங்ஹாமா லூதியானாவா என்று தெரிய மேலும் தோண்ட வேண்டும்.

சான்றுகளின் வரிசை

முதல் சான்று, ஃபிரேமில் குத்திய எண். சீட் பைப்பின் மேல்முட்டிலோ பி.பி. அடியிலோ இருக்கும். பெயின்டைச் சுரண்டாமல், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் எண் வரிசை வேறு. எண் சிறியது, ஆகவே வண்டி பழையது என்று முடிவுகட்டக் கூடாது.

இரண்டாவது, தேதி தாங்கிய உதிரிபாகம். ராலேயின் துணை நிறுவனமாக 1902இல் பிறந்த ஸ்டர்மி-ஆர்ச்சர், மூன்று கியர் ஹப்பின் மேலேயே ஆண்டையும் மாதத்தையும் குத்தியது. 1936இல் வந்த ஏ.டபிள்யூ. ஹப்பில் 52, 9 என்று இருந்தால் 1952 செப்டம்பர். இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. ஆனால் அது ஹப்பின் பிறந்தநாள்தான். சக்கரம் மாறியிருந்தால் ஃபிரேமுக்கு அது பேசாது.

மூன்றாவது, முலாம். மஞ்சள் சாயல் அடித்தால் நிக்கல், நீலச் சாயல் அடித்தால் குரோம். 1930ஐ ஒட்டித்தான் குரோம் பரவியது. இரண்டாம் உலகப்போர்க் கால வண்டிகளில் முலாம் பூச வேண்டிய இடமெல்லாம் கறுப்புப் பெயின்டாக இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை விழுந்த பாகம் 1950களின் நடுவுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

நான்காவது, ஊர்ச் சான்று. நகராட்சி சைக்கிள் வரி வாங்கிக்கொண்டு கொடுத்த உலோக வில்லை, ரசீது, கடைக்காரரின் தகடு ஆகியவை. 1949இல் நகர நகராட்சியோடு சேர்ந்து மாநகராட்சியாகும்வரை கண்டோன்மெண்டுப் பக்கம் 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற தனி நிர்வாகத்தில் இருந்தது. அந்தப் பெயர் தாங்கிய எந்தச் சீட்டும் 1949க்குப் பிந்தியதல்ல. சீட்டில் உள்ள ஆண்டில் வண்டி சாலையில் ஓடியது என்பதற்கு அது சாட்சி. பிறந்த ஆண்டுக்கு அல்ல.

கடைசி இடம்தான் முகப்புத் தகட்டுக்கும் பல்சக்கரத்துக்கும். தகடு இரண்டு சிறு ஆணிகளில் நிற்பது. இன்று புதிதாக அச்சடித்தும் விற்கிறார்கள். மூன்று துப்பாக்கி முத்திரையைக் கிராங்கில் கண்டதும் பி.எஸ்.ஏ. என்று குதிக்கக் கூடாது. அந்தக் கம்பெனி உதிரிபாகங்களை மற்ற தயாரிப்பாளர்களுக்கும் விற்றது. பின் மட்கார்டின் வெள்ளைப் பூச்சு 1930களில் பிரிட்டனில் சட்டப்படி வந்த பழக்கம் என்றாலும், நம் ஊர்க் கறுப்பு வண்டிகள் அதைப் பல பத்தாண்டுகள் விடாமல் போட்டன. ஆகவே அதை வைத்தும் காலம் சொல்ல முடியாது.

நமக்கான அளவுகோல்

எல்லாப் பாகமும் பிறந்தபடியே இருந்தால்தான் மதிப்பு என்பது ஆங்கிலச் சேகரிப்பாளர்களின் அளவுகோல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்த வண்டிக்கு அது பொருந்தும். நாற்பது ஆண்டுகள் தினமும் இரண்டு முறை ஆலை வாசலுக்குப் போய்வந்த வண்டியில் ரிம்மும் பெடலும் பிரீவீலும் மாறாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே நம் வண்டிகளுக்கு ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதக் கூடாது. "ஃபிரேம்: அம்பத்தூர், 1960கள். பின் ஹப்: நாட்டிங்ஹாம், 1952. சீட்: பின்னாளில் மாற்றியது" என்று பாகம் பாகமாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதைக் கண்டு சொன்னோம் என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். ஃபிரேமின் வயதே வண்டியின் வயது. மற்றவை அது வாழ்ந்த கதை.

அசன்சோல் ராலேக்கு நாட்டிங்ஹாம் தகடு மாட்டினால் இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கிடைக்கலாம். ஆனால் ஜீவனஹள்ளியின் பல குடும்பங்கள் சம்பாதித்ததும் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் இந்திய ஆலைகளில் செய்த வண்டிகளின் மேல் ஏறிப் போய்த்தான். அவற்றை இங்கிலாந்து என்று சொல்லித்தான் மதிக்க வேண்டும் என்பதில்லை. அசன்சோல் என்றும் அம்பத்தூர் என்றும் உள்ளபடி எழுதி வைத்தாலே அந்த வண்டிக்கும் அதைச் செய்தவர்களுக்கும் உரிய மரியாதை கிடைத்துவிடும்.