தராசுத் தட்டில் பின்1

புற்றுநோய் உயிரணு நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் பெருகிக்கொண்டே போகிறது. வாழ்நாள் முழுதும் உடனிருக்க வேண்டிய நரம்பணுவோ அல்சைமர் நோயில் நடுவழியிலேயே மடிகிறது. ஒன்று பெருக்கம், மற்றது அழிவு. இரண்டையும் ஒரே மூலக்கூறின் மிகுதியாகவும் குறையாகவும் பார்க்கலாமா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆராய்வது கடந்த கால் நூற்றாண்டில் ஒரு தனி வழக்கமாகவே வளர்ந்துவிட்டது. அதன் பலத்தையும் பலவீனத்தையும் எடைபோட குன் பிங் லு என்ற மூலக்கூறு உயிரியலாளரின் பின்1 ஆய்வைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் டோனி ஹண்டரின் ஆய்வகத்தில் லு பணியாற்றியபோது கண்டறியப்பட்ட புரதம் இது. 1996-இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. 163 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய நொதி. செய்யும் வேலையும் பார்வைக்குச் சிறியதுதான். புரதச் சங்கிலியில் புரோலின் என்ற அமினோ அமிலம் வரும் இடம் ஒரு முழங்கை போன்றது; சங்கிலி அங்கே இரண்டு விதமாக மடங்கலாம். புரோலினுக்கு முன்னால் உள்ள செரின் அல்லது திரியோனின் மீது பாஸ்பேட் ஏறியிருந்தால், பின்1 அந்த முழங்கையை ஒரு மடிப்பிலிருந்து மற்றதற்குத் திருப்பிவிடுகிறது. பாஸ்பேட் ஏறுவதே புரதத்தை முடுக்கும் விசை என்று அதுவரை பாடம் சொல்லிவந்தார்கள். ஏறிய பிறகும் வடிவம் திரும்ப வேண்டியிருக்கிறது, அதற்குத் தனியாக ஓர் ஆள் இருக்கிறது என்று காட்டியது இந்தக் கண்டுபிடிப்பு. மற்றதெல்லாம் நாளை பொய்த்தாலும் இது நிற்கும்.

அடுத்து வந்தவை ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. மார்பகப் புற்றுநோய்த் திசுக்களில் பின்1 மிகுந்திருந்தது. அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளில், நியூ, ராஸ் என்ற புற்றுத்தூண்டு மரபணுக்களால் மார்பகக் கட்டி உண்டாக்குவது கடினமாக இருந்தது. மறுபக்கம், அல்சைமர் மூளையில் முறுக்கிக் கிடக்கும் டௌ புரதத்தின் செயலைப் பின்1 மீட்டெடுக்கக்கூடும் என்று 1999-இல் காட்டினார்கள். பின்1 இல்லாத எலிகளுக்கு வயதாக ஆக நரம்புச் சிதைவு வருகிறது என்று 2003-இல் எழுதினார்கள். மிகுந்தால் புற்று, குறைந்தால் மறதிநோய். தராசின் இரண்டு தட்டுகள்போல.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பின்1 இல்லாத எலியை 1999-லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கி, அது இயல்பாக வளர்கிறது என்று அறிவித்திருந்தார்கள். உண்மையும் அதுதான், இளம் எலியைப் பார்த்தவரைக்கும். அதே எலி முதுமை எய்தும்வரை காத்திருந்து மூளையையும் பார்த்தபோதுதான் நோய் தெரிந்தது. கட்டியை மட்டும் தேடுகிறவர் மூளையை வெட்டிப் பார்க்கமாட்டார். மூளையை மட்டும் படிப்பவர் மார்பகத்தைப் பார்க்கமாட்டார். இரு நோய்களையும் சேர்த்துப் படிக்கும் வழக்கத்தின் உண்மையான பலன் இதுவே என்று நினைக்கிறேன். துறைகளுக்கு நடுவே கவனிப்பாரற்றுக் கிடந்த எலி ஒன்று முழுமையாகப் பார்க்கப்பட்டது.

ஆனால் அழகான படம் ஆய்வாளரின் கண்ணையும் கட்டிவிடக்கூடும். ஈஸ்டில் பின்1-இன் உறவுப் புரதம் இல்லாவிட்டால் உயிரணு பிழைப்பதில்லை. எலியோ அது இல்லாமலும் பிறந்து வளர்கிறது. ஓர் உயிரியில் கிடைத்த விடையை மற்றதற்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும். இதைவிடக் கனமான சான்று லுவின் ஆய்வகத்திலிருந்தே 2008-இல் வந்தது. இயல்பான டௌ புரதம் உள்ள எலிகளில் பின்1 காவலாக இருந்தது. பி301எல் என்ற பிறழ்வு கொண்ட டௌ உள்ள எலிகளிலோ கதை தலைகீழானது: பின்1-ஐக் கூட்டியபோது நோய் முற்றியது. அந்தப் பிறழ்வு மனிதர்களில் பரம்பரையாக வரும் ஒருவகை மறதிநோயில் காணப்படுவது. அல்சைமர் நோய்க்கு உரியதல்ல. எனினும் பின்1-ஐக் கூட்டினால் மூளை பிழைக்கும் என்ற நம்பிக்கை இதற்குமேல் பொதுவிதியாக இருக்க முடியாது. தன் படத்தையே கலைக்கும் முடிவை ஒளிக்காமல் வெளியிட்டது அந்தக் குழுவின் நேர்மை. 2003 கட்டுரையைச் சொல்லுமிடமெல்லாம் 2008 கட்டுரையையும் சொல்லியிருந்தால் இந்தத் துறை இன்னும் தெளிவாக இருந்திருக்கும்.

மருந்தின் பக்கம் வந்தால் சிக்கல் கூடுகிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஆல்-டிரான்ஸ் ரெட்டினோயிக் அமிலம், ஷாங்காயில் வாங் ஜென்யி குழுவினர் 1980-களில் ஒருவகைக் கடும் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தி வெற்றி கண்ட மருந்து. அது பின்1-இல் ஒட்டிக்கொண்டு அதை அழிக்கிறது என்று லு குழு 2015-இல் எழுதியது. ஆனால் இந்த அமிலம் முதலில் தேடிப் போவது ரெட்டினோயிக் அமில ஏற்பிகளைத்தான். அவற்றின் வழியாகப் பல மரபணுக்களை இயக்குகிறது. கட்டி சுருங்கினால் அந்தப் புகழில் பின்1-க்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. 2021-இல் வேறொரு குழு உருவாக்கிய சல்ஃபோபின் என்ற மூலக்கூறு பின்1-ஐக் குறிவைத்துத் தாக்குகிறது. ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் புற்றுநோய் உயிரணுக்களை அது பெரிதாகக் கொல்லவில்லை. எலியிலும் வரிக்குதிரை மீனிலும் மட்டும் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது. இந்த வேறுபாட்டைப் பொறுமையாகப் படிப்பதே இப்போதைய வேலை.

தராசுப் படத்துக்கு வெளியிலிருந்தும் ஆதரவு தேடுகிறார்கள். அமெரிக்காவின் பிரேமிங்காம் ஆய்வில் 65 வயதைக் கடந்த 1,278 பேரைத் தொடர்ந்து கவனித்து, புற்றுநோய் வந்து பிழைத்தவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று 2012-இல் வெளியிட்டார்கள். கவர்ச்சியான எண். ஆனால் புற்றுநோயால் இறந்தவர் மறதிநோய் வரும் வயதை எட்டுவதே இல்லை. மறதிநோய் வந்தவருக்குப் புற்றுநோய்ச் சோதனைகள் குறைந்துபோகின்றன. ஆய்வாளர்கள் இவற்றுக்கெல்லாம் ஈடுசெய்ய முயன்றாலும் ஐயம் முழுதாகத் தீர்வதில்லை. பார்க்கின்சன் நோயும் மெலனோமா என்ற தோல் புற்றும் கைகோத்தே வருகின்றன. ஏடிஎம் என்ற ஒரே மரபணு பழுதானால் குழந்தைகளுக்குச் சிறுமூளை சிதைகிறது, ரத்தப் புற்றும் வருகிறது. இங்கே இரண்டு தட்டுகளும் ஒருசேரத் தாழ்கின்றன.

அவசரத்தின் விலைக்கு நிலோடினிப் ஓர் எடுத்துக்காட்டு. இந்த ரத்தப் புற்றுநோய் மருந்தைப் பார்க்கின்சன் சார்ந்த மறதிநோய் உள்ள 12 பேருக்குக் கொடுத்துப் பார்த்த வாஷிங்டன் ஆய்வு 2015-இல் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்து பெற்ற குழு அதில் இல்லை. பின்னர் 76 பேரை வைத்து முறைப்படி நடந்த சோதனையில் பலன் தெரியவில்லை. தண்டுவட நீருக்குப் போய்ச் சேர்ந்த மருந்தும் மிகச் சொற்பம். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் அந்தச் செய்தியை நம்பிக் காத்திருந்திருக்கும்!

இரு நோய்களையும் ஒருசேரப் படிக்கும் முறை கேள்வி எழுப்புவதில் வலிமையானது, மருந்து வாக்களிப்பதில் பலவீனமானது. இதுவே என் தீர்ப்பு. பின்1 விஷயத்தில் இன்னொன்றையும் வற்புறுத்த விரும்புகிறேன். பின்1 குறைந்தால் மூளை சிதையும் என்று சொல்கிறவர்களே புற்றுநோயாளிக்குப் பின்1-ஐக் குறைக்கும் மருந்தையும் தேடுகிறார்கள். புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் வயதானவர்கள். அத்தகைய மருந்தை மனிதரில் சோதிக்கும் எவரும் கட்டியின் அளவோடு அந்த நோயாளியின் நினைவாற்றலையும் முதல் நாளிலிருந்தே அளந்து, மருந்தை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அளந்துவர வேண்டும்.