கரி படிந்த சுவர்கள்

தென்மேற்கு லண்டனின் லாவெண்டர் ஹில் சாலையில் பழைய பாட்டர்சி நகர மண்டபம் இருக்கிறது. எட்வர்ட் மவுண்ட்ஃபோர்ட் வடிவமைத்து, 1893இல் திறக்கப்பட்ட கட்டடம். 2015 மார்ச் 13 அன்று அதில் தீப்பற்றி, பெரிய அரங்கின் கூரை விழுந்தது. மூன்றரை ஆண்டு கழித்து, 2018 செப்டம்பரில், அரங்கு மறுபடி திறந்தபோது சுவர்களுக்கு யாரும் வெள்ளையடித்திருக்கவில்லை. வெந்த செங்கல்லும் வெடித்த காரையும் அடுக்கடுக்காய் உரிந்த பழைய வண்ணங்களும் அப்படியே தெரிந்தன. பழைய சுதைக்கூரையின் கோலத்தை மட்டும் பிளைவுட்டில் வெட்டிப் பின்னல் தட்டியாக மேலே தொங்கவிட்டிருந்தார்கள்.

இதைக் கட்டடக் கலைஞரின் ரசனை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்தச் சுவர்களுக்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்டுகள் கடைப்பிடித்த ஒரு வேலைமுறை இருக்கிறது. அதன் நிறையும் குறையும், முதுமை தட்டிய பொதுமண்டபம் வைத்திருக்கும் எந்த ஊருக்கும் பயன்படும்.

1965இல் பாட்டர்சி, வாண்ட்ஸ்வொர்த் உள்ளாட்சி மன்றத்தோடு இணைக்கப்பட்டபோது மண்டபத்துக்கு வேலை இல்லாமல் போனது. எழுபதுகளில் அது கலை மையமானது. பிற்பாடு ஓர் அறக்கட்டளை நடத்தத் தொடங்கியது. கட்டடம் மன்றத்தின் சொத்தாகவே இருந்தது. 2006 வாக்கில் சீரமைப்பு தொடங்கியபோது எல்லாரும் செய்வதை அவர்கள் செய்யவில்லை. வரைபடத்தை முடித்து, கதவைப் பூட்டி, இரண்டு மூன்று ஆண்டு கழித்து ரிப்பன் வெட்டுவதுதான் வழக்கம். இங்கே ஹாவர்த் டாம்ப்கின்ஸ் கட்டடக்கலை நிறுவனத்தின் ஸ்டீவ் டாம்ப்கின்ஸும் மையத்தின் கலை இயக்குநர் டேவிட் ஜப்பும் நாடகக்காரர்களின் வழக்கம் ஒன்றைக் கட்டட வேலைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த மையத்தில் அதற்கு 'ஸ்க்ராட்ச்' என்று பெயர். அரைகுறையான நாடகத்தைப் பார்வையாளர் முன் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டு, திருத்தி, மறுபடி போட்டுப் பார்ப்பது. 'ஜெர்ரி ஸ்பிரிங்கர்: தி ஆப்பரா' அப்படித்தான் 2001இல் அங்கே சிறியதாகத் தொடங்கி, 2003இல் நேஷனல் தியேட்டர் வரை போனது. கட்டடத்தையும் அப்படியே நடத்தினார்கள். 2007இல் பஞ்ச்ட்ரங்க் குழு எட்கர் ஆலன் போவின் கதைகளை வைத்துக் கட்டடம் முழுக்க ஒரு நாடகம் போட்டது. பார்வையாளர்கள் முகமூடி அணிந்து அறை அறையாகத் திரிந்தார்கள். எந்தப் படிக்கட்டில் கூட்டம் தேங்குகிறது, எந்த அறை குரலை விழுங்குகிறது, எங்கே ஆட்கள் தாமாகவே நிற்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது கண்ணெதிரே தெரிந்திருக்கும். எந்த ஆலோசகரின் அறிக்கையிலும் இது கிடைக்காது. பிளைவுட்டில் செய்து பார்த்த படிக்கட்டு சரிவரவில்லை என்றால் பிரித்துவிடலாம். கான்கிரீட்டில் போட்ட தவறோடு ஐம்பது ஆண்டு குடியிருக்க வேண்டும். கதவும் மூடப்படவில்லை, வருகிற கூட்டமும் வேறு பக்கம் போய்விடவில்லை. தீப்பிடித்த மறுநாளே முன்பகுதியில் நாடகம் நடந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

ஆனால் 'பயன்படுத்திப் பார்த்துக் கட்டு' என்றால், பயன்படுத்துகிறவர் யார்? பெரும்பாலும் கலைஞர்களே. அவர்கள் தங்க உள்ளேயே படுக்கையறைகள் அமைந்தன. நல்ல காரியம்தான். ஆனால் இந்த மண்டபம் நாடகக்காரர்களுக்காகக் கட்டியதல்ல. 1913இல் ஜான் ஆர்ச்சர் என்ற கறுப்பினத்தவர் பாட்டர்சியின் மேயரானார். அந்த அரசியலும் வாக்குரிமைக் கூட்டங்களும் வாழ்ந்த இடம் இது. வட்டாரத்து இளைஞர்கள் தங்கள் யோசனைகளைத் தொழிலாகவோ சேவையாகவோ தொடங்க உதவும் 'தி ஏஜென்சி' திட்டத்தை மையம் நடத்துகிறது. ரியோ டி ஜெனீரோவில் மார்கஸ் ஃபவுஸ்டினி உருவாக்கிய முறை அது. அந்த இளைஞர்களையும் சுவரை எங்கே இடிக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. நரம்பியல் வேறுபாடுகளோடு வருகிறவர்கள் குரலெழுப்பவும் எழுந்து நடக்கவும் இடம்கொடுக்கும் 'ரிலாக்ஸ்ட்' அரங்காகத் தன்னை மையம் அறிவித்தது 2020இல், அதாவது கொத்தனார்கள் போன பிறகு. டூரெட்ஸ்ஹீரோ அமைப்போடு சேர்ந்து செய்த அந்த வேலை அருமையானது. அதே கேள்வி 2006இல் வரைபட மேசைக்கு வந்திருந்தால் அறைகளே வேறு மாதிரி அமைந்திருக்கலாம்.

இரண்டாவது குறை, ஆட்களைச் சார்ந்திருப்பது. ஒரே கட்டடக் கலைஞரும் ஒரே இயக்குநரும் பத்தாண்டுக்கு மேல் ஒன்றாக நீடித்தது அபூர்வம். குறைந்த விலை டெண்டரும் நிதியாண்டுக் கணக்குமாக நடக்கும் ஊர்களில் இந்த முறையை அப்படியே எடுத்து வைக்க முடியாது.

என்னை அதிகம் உறுத்துவது சொத்துரிமைதான். 2007இல் மன்றம் மானியத்தை நிறுத்தி, கட்டடத்துக்கு வாடகையும் கேட்கப் போவதாகச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பவே பின்வாங்கியது. 2008இல் பெயரளவு வாடகைக்கு 125 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. அறக்கட்டளைக்கு இது பாதுகாப்பு. நீண்ட குத்தகை இல்லாமல் எந்த நன்கொடையாளரும் பணம் போட மாட்டார். மன்றத்துக்கோ இது ஒரு விடுதலை. 1893ஆம் ஆண்டுக் கட்டடத்தின் கூரை, குழாய், மின்கம்பி எல்லாவற்றின் கவலையும் டிக்கெட்டையும் நன்கொடையையும் நம்பி வாழும் அமைப்பின் தோளுக்கு மாறுகிறது. மண்டபம் ஊருடையது என்கிற பெயர் ஊருக்கு, செலவு வேறொருவருக்கு. குத்தகையோடு சேர்த்து, ஆண்டுதோறும் பராமரிப்புக்கு இவ்வளவு என்று மன்றத்தையும் கட்டிப்போடும் ஒரு வரி எழுதப்பட வேண்டும். குத்தகை முடிவது 2133இல். அதற்குள் அந்தப் பிளைவுட் தட்டியை எத்தனையோ முறை இறக்கி மாற்ற வேண்டியிருக்கும்.