நோனாவின் கைமணமும் அம்மாவின் சேவை நாழியும்

போன மாதம் ஆரோவில் பக்கம், குயிலாப்பாளையத்தில் ஒரு சின்ன இத்தாலிய உணவகத்துக்குப் போயிருந்தோம். நான், மனைவி, அம்மா. எட்டே மேஜை. மஞ்சள் விளக்கு, மேலே கீற்றுக்கூரை. "வீட்டில் செய்த பாஸ்தா" என்பதுதான் அந்த இடத்தின் பெருமை. வேலூரிலிருந்து ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் வழியாக நாலு மணி நேரம் ஆனது. "சேமியா சாப்பிடவா இவ்ளோ தூரம்?" என்றார் அம்மா. கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வீட்டில் செய்தது என்றாலே உசத்தி, பாக்கெட் என்றால் மட்டம் என்று நாம் நினைக்கிறோம். பாஸ்தா விஷயத்தில் இது சரியில்லை. இரண்டும் வேறு வேறு பண்டம். உலர்ந்த பாஸ்தா டூரம் கோதுமை ரவையில், முட்டை இல்லாமல் செய்வது. இத்தாலியில் விற்கும் உலர் பாஸ்தா டூரத்தில்தான் இருக்கவேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டார்கள். கடித்தால் நடுவில் லேசாக எதிர்க்கவேண்டும், அதுதான் அதன் குணம். வட இத்தாலியில் வீடுகளில் செய்யும் பாஸ்தாவோ நம் மைதா மாதிரி மென்கோதுமை மாவும் முட்டையும் சேர்ந்தது. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது பாட்டிகள் கணக்கு. அது மெத்தென்று இருக்கும், குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். பாக்கெட் பாஸ்தாவின் கடியை இதில் தேடினால் ஏமாற்றம்தான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

முதலில் வந்தது டாலியாதெல்லே, மாட்டிறைச்சி ராகுவோடு. நாடா மாதிரி பாஸ்தா. போலோன்யா நகரத்துக்காரர்கள் இதன் அகலத்தை 1972இல் வணிகச் சபையில் பதிவே செய்துவைத்திருக்கிறார்கள்: வெந்தபின் 8 மில்லிமீட்டர். அந்த ஊர் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்காம்! என்னைப் போன்ற இன்ஜினியர்களுக்கு இது தேன். நான் ஸ்கேல் எடுத்துப்போகவில்லை, ஆனால் தட்டில் இருந்த நாடாக்கள் ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு. கையால் வெட்டியதுதான், சந்தேகமில்லை. மாவு நல்ல பக்குவம். குறை ராகுவில். தக்காளி தூக்கல், இறைச்சி கம்மி, எல்லாம் மேலே ஊற்றி வந்தது. பாஸ்தாவைக் கடைசி ஒரு நிமிடம் குழம்பிலேயே போட்டு, வெந்த தண்ணீர் ஒரு கரண்டி விட்டுப் பிரட்டியிருந்தால், அந்தத் தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்து குழம்பைப் பாஸ்தாவோடு ஒட்டவைத்திருக்கும். இங்கே தட்டின் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கி நின்றது.

அம்மாவுக்குத் தக்காளியும் திருநீற்றுப் பச்சிலையும் போட்ட ஒன்று. "உப்பு பத்தல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சரியான விமர்சனம். பாஸ்தா வேகும் தண்ணீரிலேயே உப்பு போடவேண்டும், பிறகு மேலே தூவினால் உள்ளே ஏறாது.

மூன்றாவது பிகோலி. இதற்காகத்தான் நான் போனது. வெனிஸ், விச்சென்ஸா இருக்கும் வெனெட்டோ மாநிலத்துப் பாஸ்தா, ஸ்பகெட்டியைவிடத் தடிமன், மேல்பக்கம் சொரசொரப்பு. வெங்காயத்தை நெத்திலி வகை உப்பு மீனோடு கரையக் கரைய வதக்கிப் பிரட்டியிருந்தார்கள். அருமை. அந்த ராத்திரியின் வெற்றி அதுதான். சொரசொரப்பில் வெங்காயம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. 560 ரூபாய், கொடுக்கலாம்.

எனக்குப் பிகோலி மேல் ஆர்வம் வந்த கதை வேறு. அப்பா ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதினார். மெஷின் பொருத்த வரும் இத்தாலியர்களைப் பற்றி வீட்டில் வந்து சொல்வார். விச்சென்ஸா பக்கத்து அர்சின்யானோ, இத்தாலியின் பெரிய தோல் ஊர்களில் ஒன்று. ஆக, அந்த ஊர்க்காரர்களின் வீட்டுச் சாப்பாடுதான் பிகோலி. அதைப் பிழிய ஒரு மர பெஞ்சு, நடுவில் உருளை, மேலே திருகு. ஒருவர் பெஞ்சில் கால் போட்டு உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றுவார். படத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இது நம் வீட்டு மூன்று கால் சேவை நாழி!

கருவி ஒன்று, வேதியியல் வேறு. கோதுமையில் குளூட்டன் இருக்கிறது, பச்சையாகப் பிழிந்தாலும் இழை அறாது. அரிசியில் அது கிடையாது. அதனால் மாவுச்சத்தை முன்கூட்டியே வேகவைத்துப் பசையாக்க வேண்டியிருக்கிறது. இடியாப்ப மாவுக்குக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவதும், சேவைக்குக் கொழுக்கட்டையாக அவித்துச் சூட்டோடு பிழிவதும் இதற்குத்தான். ஆறிவிட்டால் நாழி சுற்றாது, தோள்பட்டை போய்விடும். அம்மாவுக்குப் போயே விட்டது. எங்கள் நாழி ஐந்து வருஷமாகப் பரண்மேல்.

அந்த உணவகத்தின் ஓரத்தில் அப்படி ஒரு பெஞ்சு நிஜமாகவே இருந்தது. அம்மா எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் கை துடைத்தபடி வந்தார். பக்கத்துக் கிராமம்.

"நீதான் பிழியறியாம்மா?"

"ஆமாம்மா. மாவு பிசையறது, நாடா வெட்றது, எல்லாம் நாங்க ரெண்டு பேருதான். எட்டு வருஷமாச்சு. நம்ம சேவை நாழி மாதிரிதாம்மா, ஒண்ணும் கஷ்டமில்ல."

"தோளு வலிக்குமே?"

அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

மேஜைக்குத் திரும்பி மெனுவைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் உரிமையாளரின் நோனா, அதாவது பாட்டி, கறுப்பு வெள்ளைப் படத்தில். அவருடைய கைமணம்தான் இங்கே பரிமாறப்படுகிறது என்று ஒரு பத்தி. நோனாமேல் எனக்கு மரியாதை உண்டு, செய்முறை அவருடையது. ஆனால் அந்த ராத்திரி நான் சாப்பிட்டது அவர் கைமணம் இல்லை. அந்த இரண்டு பெண்களைப் பற்றி மெனுவில் ஒரு வரி இல்லை.

இது எனக்குப் பழகிய விஷயம். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது பெரும்பாலும் பெண்கள். பெட்டிமேல் இருப்பது ஐரோப்பியப் பெயர். ஏற்றுமதியின் கணக்கு அப்படி என்று சொல்லலாம், நடுவில் கடல் இருக்கிறது. ஆனால் எட்டு மேஜை உணவகத்தில் சமையலறைக்கும் மெனுவுக்கும் இருபதடி தூரம். அதுவும் கைவேலைக்காகவே கூடுதல் காசு வாங்கும் இடம். போலோன்யாவில் மாவு தேய்க்கும் பெண்ணுக்கு ஸ்ஃபோலீனா என்று தனிப் பட்டமே உண்டு, அது கௌரவமான தொழில். இத்தாலியிலிருந்து செய்முறையைக் கொண்டுவந்தவர்கள் அந்த மரியாதையையும் கொண்டுவந்திருக்கலாம்.

பெயர் சொல்லாததற்குக் காரணம் இதுதான். இது ஒரு கடையின் குற்றம் மட்டும் இல்லை. இட்லி மாவு பாக்கெட்டில்கூடப் பாட்டி படம் போட்டு விற்கிற நமக்கும் பங்கு உண்டு. அந்தப் பெண்களுக்குத் தொந்தரவு வரவும் கூடாது.

தீர்ப்பு: பிகோலிக்காகத் தாராளமாகப் போகலாம். ராகு வேண்டாம். உப்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிழிந்தது யார் என்றும் கேளுங்கள், கூப்பிட்டு அறிமுகம் செய்வார்கள்.

திரும்பி வரும்போது வந்தவாசி தாண்டி அம்மா சொன்னார்: "பரண்லேர்ந்து நாழிய எறக்குடா. நான் மாவு அவிக்கிறேன், நீ சுத்து." போன ஞாயிறு சுற்றினேன். மூன்று பேருக்கான சேவை. தோள் இரண்டு நாள் வலித்தது.